தொட்டியில் நிற்காதது

ஈரப்பாசியில் சுற்றி, சோப்பு டப்பாவில் அடைத்து
லூர்துநேசன் சார் கொண்டுவந்தபோது
அதற்கு நாலே இலை.
"உலகத்தோட வால்நுனியிலிருந்து வருது, அருளாயி.
அங்கேயும் இதே குளிர், இதே மழை.
மரத்துக்கு மரம் ஏறுமாம்."
பெயரையும் சொன்னார். என் வாயில் நிற்கவில்லை.
சோப்பு என்றே கூப்பிட்டேன்.

குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு; ஆகாது.
தகரக்கூரை ஓரம் அண்டா வைத்து
மழையைப் பிடித்து டம்ளர் டம்ளராக ஊற்றினேன்.
வெயில் ஆகாது. வேர் நனையணும், ஊறக்கூடாது.
பிள்ளை பெற்ற எனக்கே
இவ்வளவு பத்தியம் யாரும் பார்த்ததில்லை.

இலை வந்தது. பூ வரவில்லை.
சார் காலண்டரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து
ஒருநாள் சொன்னார்:
நமக்கு மார்கழி என்றால் அதன் ஊரில் கோடை.
அப்போதுதான் விளங்கியது,
உறைபனி விழுந்த விடியலில்
நான் சாக்கைப் போர்த்தப் போனால்
அது ஏன் துளிர்விட்டுக்கொண்டிருந்தது என்று.
உடம்பு இங்கே, மாதம் அங்கே.

மே மாதக் கண்காட்சிக்கு வடிவாக இருக்கணும்,
தொட்டியைத் தாண்டி நீண்டதை நறுக்கு என்றார்.
நறுக்கினேன். கொட்டகைக்குப் பின்னால்
காய்ப்பு நின்ற பேரிமரத்தடியில் கொட்டினேன்.
அடுத்த மே மாதமும் அப்படியே.
வில்பட்டி மழை யாரையும் கேட்டுப் பெய்வதில்லை.

இரண்டு கண்காட்சியிலும் சோப்புக்குப் பரிசில்லை.
பச்சையாய் ஒரு தொட்டி, அவ்வளவுதான்.

மூன்றாம் ஐப்பசி. விறகு ஒதுக்கப் போனவள்
முதுகு வலித்து நிமிர்ந்தேன்.
ஆள் உயரத்துக்கு மேலே, பேரியின் கவட்டில்,
பாசிக்கு நடுவே
வாய் குவிந்த சிவப்புக் குடுவைகள்,
ஒவ்வொன்றும் ஒரு நூலில் தொங்குகிறது.
எண்ணினேன். பதினேழு.
கணுவுக்குக் கணு வேர்விட்டுப் பட்டையைப் பிடித்திருந்தது.
மரத்திடம் ஒரு சொட்டுச் சாறு கேட்கவில்லை,
நிற்க இடம் மட்டும்.

தேன்சிட்டு ஒன்று வந்தது.
அதற்கு அந்த ஊர்ப் பூ பழக்கமில்லை.
தலைகீழாகத் தொங்கி, வாய் எங்கே என்று தேடி,
அலுத்துப்போய்
அடியில் ஓட்டை போட்டுக் குடித்தது.

சாரிடம் இன்னும் சொல்லவில்லை.
சொன்னால் ஏணி கேட்பார்,
அப்புறம் கத்தரிக்கோல்.

அண்டா நிறைந்து வழிகிறது.
தொட்டிக்கு ஒரு டம்ளர் ஊற்றிவிட்டு
மிச்சத்தில்
கை கழுவினேன்.