பக்கத்திரை

கோபி கல்லூரி ஆண்டுவிழாவில்
நானூறு வருடத்து ஆங்கில நாடகம்.
வெள்ளைக்காரர் ஊரில் ஒரு கறுத்த தளபதி.
சண்டைக்கு வேண்டும் அவன்,
சம்பந்தத்துக்கு வேண்டாம்.

எனக்கு வசனம் முழுக்க மனப்பாடம்.
நிறமும் கடையில் வாங்க வேண்டியதில்லை.
“உச்சரிப்பு உனக்குத்தான் சுத்தம், பண்ணாரி.
ஆனா அந்தப் புள்ள வீட்டுல பார்க்க வருவாங்க,
கட்டில் காட்சி வேற இருக்குது”
என்ற பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.
பிரதியோடு நான் பக்கத்திரைக்குப் பின்னால்.

தளபதி ஆனவன் கவின்பிரசாத்.
ஈரோட்டு மேக்கப்காரர்
அவன் முகத்தில் மூன்று பூச்சு பூசி,
நிறம் சரிதானா என்று
என் கையோடு ஒட்டிப் பார்த்தார்.

மூன்றாம் அங்கத்தில் வசனம் மறந்தது. எடுத்துக் கொடுத்தேன்.
அடுத்ததும் மறந்தது.
அப்புறம் அவன் வாயசைக்க நானே பேசினேன்.
திருப்பூர் மிச்சத்துணியில் தைத்த கைக்குட்டையைத்
தேடி அலைந்தது என் குரல்.
சந்தேகப்பட்டது, கொன்றது,
கடைசியில் நின்றபடியே செத்ததும் அதுதான்.

முன்வரிசையில் பெண்ணின் அப்பா
துண்டால் கண்ணைத் துடைத்தார்.
“தோலப் பார்த்தே ஒரு மனுசன அழிச்சுப்போட்டாங்களே.”

தேங்காயெண்ணெய் தேய்த்து
அரைமணி நேரம் கழுவினான் கவின்.
கறுப்பு முழுக்க வாளியில் இறங்கியது.
அவர் மேடைக்குப் பின்னால் வந்தார்.
“அருமைங்க தம்பி. நீங்க என்ன கூட்டமுங்க?”
அவன் சொன்னான்.
“அட, நமக்கு மாமன் மச்சான் முறையாச்சே!”

என்னிடம் அவர் கேட்கவில்லை.
“அந்த வாளிய அப்பால எடுத்து வெய்யப்பா” என்றார்.
தூக்கினேன்.
பதில் சொல்லியிருந்தால்
குரலை அடையாளம் கண்டிருப்பார்.