முகவரி சரிபார்ப்பு

மூன்று காலைகள் வேண்டும் அவர்களுக்கு.
ஒரு காலை தற்செயல், இரண்டு சந்தேகம்,
மூன்றாவதுக்குத்தான் காசோலை.

முதல் காலை, ஐந்து நாற்பது.
லடன் நகரம், டானர் தெரு, சலவைக்கடைக்கு எதிரே
எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
ஒஹாயோவின் பிப்ரவரியில் காருக்குத் திரைச்சீலை தேவையில்லை,
மூச்சுவிட்டாலே போதும்.

கோப்பு சொல்வது:
ஆமரி ப்ரூயிட். ஒன்பது வயது. நான்காம் வகுப்பு.
தாய் டெர்ரிகா, மருத்துவமனையில் இரவுப் பணி.
கொடுத்த முகவரி, ஹார்வெல் ஹைட்ஸ், ஆல்டர் வளைவு, பதினேழு.
அங்கே கராஜுக்கு மேல் அறையில் சித்தி தங்கியிருக்கிறாள்,
அந்த வீட்டு இரட்டைக் குழந்தைகளை வளர்க்கிற வேலை.
சிறுமி அங்கே தூங்குவதில்லை என்று
யாரோ தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள்.
பெயர் தரவில்லை.
குரல் மட்டும் மிக மரியாதையாக இருந்ததாம்.

கையும் களவுமாகப் பிடிக்கணும், வெண்டல், என்றார் மேலாளர்.
பார்த்தேன்.
கை இருந்தது. ஒன்றில் கையுறை, மற்றதில் காலுறை.
களவைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.
பின்னங்களா, வயலினா, ஜன்னலோர நாற்காலியா,
எதைச் சுருட்டிக்கொண்டு வருகிறாள்
தினமும் அந்தப் பையில்?

ஹைட்ஸுக்குப் போக ஒரு பாலம்.
சுங்கம் கிடையாது, காவல் கிடையாது.
ஒரு விதி மட்டும் இருக்கிறது,
என் அப்பா இளைஞனாக இருந்தபோது தட்டச்சு செய்தது:
ஒரு வீட்டுக்கு நிலம்
ஓர் ஏக்கருக்குக் குறையக் கூடாது.
யாரையும் அது வராதே என்று சொல்லவில்லை.
புல்லை மட்டும் உள்ளே கூப்பிட்டது.
புல் வந்து உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான்.

இரண்டாம் காலை பனிமழை. படம் தெளிவில்லை, ஆனாலும் செல்லும்.

அன்று மாலை ரசீது கொடுக்கப் போன இடத்தில் கூட்டம்.
மூடிப்போன நாற்றுப்பண்ணையில்
முப்பத்தாறு வாடகை வீடுகள் கட்டலாமா.
ஒருவர் கார் நெரிசலைப் பேசினார்,
ஒருவர் சாக்கடைக் குழாயின் விட்டத்தை.
ஒரு பெண்மணி தவளைகளுக்காக அழுதார்,
பொய் அழுகை இல்லை, நான் பக்கத்தில்தான் இருந்தேன்.
ஏழை என்ற சொல் அந்த அறைக்குள் வரவேயில்லை.
நாலுக்கு ஒன்று.
அந்த ஒன்று ஒரு பல் மருத்துவர்.
எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டிருக்க
அவர் தன் கோட்டைத் தேடிக்கொண்டிருந்தார், வெகுநேரம்.

மூன்றாம் காலை
கண்ணாடியில் ஒரு விரல் தட்டியது.
டெர்ரிகா. சீருடையோடு, இன்னும் தூங்காத கண்களோடு.
கத்துவாள் என்று நினைத்தேன்.
"நீங்க எங்கே குடியிருக்கீங்க?" என்றாள்.
"இங்கேதான். ரெண்டு தெரு தள்ளி, மாடியில."
"பிள்ளைங்க?"
"ஒரு பையன். லடன் உயர்நிலைப் பள்ளி."
"எப்படிப் படிக்கிறான்?"

கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

அறிக்கை எழுதினேன். ஆமாம், எழுதினேன்.
தேதி, நேரம், பேருந்து எண் பதினான்கு, மூன்று படங்கள்.
கடைசியில் ஒரு வரி கூடுதலாக:
பேருந்து வரும்வரை சிறுமி
சலவைக்கடை வெளிச்சத்தில், சுவரில் சாய்ந்து,
வாசித்துக்கொண்டிருந்தாள்.

'தொடர்பற்றது, நீக்கவும்' என்று திரும்பி வந்தது.
நீக்கினேன்.
காசோலை வந்தது. வாடகைக்குப் போனது.
வாடகை ஏப்ரலில் இன்னும் எழுபது டாலர் ஏறும்.

பதினான்காம் எண் எங்கள் தெருமுனையிலும் நிற்கும்,
ஆறு ஐந்துக்கு. அலாரம் வைப்பதில்லை,
ஆனால் அந்த பிரேக் சத்தத்துக்கு விழித்துக்கொள்கிறேன்.

பக்கம் புரட்ட வேண்டியபோதெல்லாம்
கையுறையைப் பல்லால் கழற்றினாள்.
புரட்டியதும் மறுபடி மாட்டிக்கொண்டாள்.
அதையும் எழுதியிருக்கலாம்.