நாற்பது மில்லி

மல்லாவியில் பழைய இரும்பு நிறுக்கிற கடை.
சைக்கிள் பெடலுக்கும் உடைந்த நீர்ப்பம்பிக்கும் இடையில் கிடந்தது
இரண்டரை சீசீ.
எலுமிச்சங்காய் அளவில் ஒரு எஞ்சின்.
எந்த நாட்டுப் பிள்ளை விளையாடி எறிந்ததோ,
கடைக்காரன் கிலோ விலைக்கே தந்தான்.

தாங்கி இல்லை. குழாய் இல்லை. ஊசி இல்லை.
காற்று இழுக்கிற வாய் மட்டும் திறந்தபடி.

ரின்மீன் தகரத்தை வெட்டி விரித்தேன்.
சோடாத்தூள் போட்டு மூன்று தரம் அவித்தும்
மீன் மணம் போகவில்லை.
பிறிஜ் திருத்துகிற வசீகரனிடம் செப்புக் குழாய், ஒரு சாண்.
ஈயம் உருக்கி ஒட்டி, வாளித் தண்ணீரில் அமிழ்த்தி
வாய்வைத்து ஊதினால்
மூலையில் ஒரு குமிழி.
ஒன்றே ஒன்று.
மறுபடி ஒட்டு.

தையல் மெஷின் ஊசியைச் சீமெந்துத் தரையில் உரசி உரசி
எண்ணெயை அளந்து விடுகிற ஊசியாக்கினேன்.
மண்ணெண்ணெய் ஒரு பங்கு, ஆமணக்கெண்ணெய் ஒரு பங்கு,
பனிக்காலையில் மறுகிற உழவு மெஷினுக்கு அடிக்கிற
ஈதர் ஸ்பிரே ஒரு பங்கு.
மண்ணெண்ணெயை எப்படிக் கெஞ்சுவதென்று
இந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை.

முதல் ஓட்டம் பதினொரு செக்கன்.
விசிறி விரலைக் கடித்தது; எஞ்சின் செத்தது.
தாங்கியைக் கண்ணுக்கு நேரே சரித்துப் பார்த்தேன்:
எண்ணெய் பின்னுக்குப் போக
குழாய் முன்னுக்கு நின்று காற்றைக் குடித்திருக்கிறது.

செப்பை நறுக்கிவிட்டு
புல்லுவெட்டி மெஷினின் இளகிய குழாயைப் போட்டேன்.
நுனியில் முல்லைத்தீவு வலையின் ஈயக்குண்டு.
இனி எண்ணெய் எந்த மூலைக்கு ஓடினாலும்
குண்டு அங்கே விழும்,
வாய் பின்னால் போகும்.
அதிர்வில் நுரை கட்டியது. அடியில் பஞ்சு வைத்தேன்.
ஊசி ஒன்றேமுக்கால் சுற்று.

பிடித்தது.

வீரிட்ட ஒரே சத்தம்,
மெல்லிசாய், விடாமல்.

வேலிக்கு அங்கால் உடுப்புக் காயவிட்ட இதயராணி அக்கா
என் பக்கம் திரும்பவில்லை.
மேலே பார்த்தா.
ஈரச் சட்டையின் தண்ணீர் முழங்கை வழியே ஒழுக
நாலு நிமிடமும் மேலேதான் பார்த்தபடி.

எஞ்சின் நின்ற பிறகு வந்தா.
"உது மேல போகுமோ?"
முள்முருக்கில் சீவிய செட்டை சுவரோடு சாய்ந்திருந்தது.
நான் அதை மறைத்துக்கொண்டு நின்றேன்.
"எவ்வளவு நேரம் ஓடும்?"
"நாற்பது மில்லிக்கு நாலு நிமிசம்."
"பிறகு?"
"நிக்கும்."
"கட்டாயமோ?"
"எண்ணெய் முடிஞ்சால் நிக்கத்தானே வேணும், அக்கா."
"அந்த வண்டுக்கும் எண்ணெய் முடியுமெண்டுதான் சொன்னவை.
விடிய விடிய நிக்கேல்லை."

இரவு ஒட்டை உருக்கிக் கழற்றினேன்.
நாற்பதை வெட்டிப் பதினைந்தாக்கினேன்.
தகரம் மிஞ்சியது.

ஞாயிற்றுக்கிழமை வேலியால் கூப்பிட்டுச் சொன்னேன்:
"அக்கா, இப்ப விடப்போறன். ஒண்டரை நிமிசம்."
அவ வந்து கிணற்றுக்கட்டில் இருந்தா,
கையில் போன், அதில் மணிக்கூடு.
எஞ்சின் பிடித்தது.
இந்த முறை மேலே பார்க்கவில்லை,
ஓடுகிற எண்களையே பார்த்தா.

நின்றது.

"நாலு செக்கன் கூட," என்றா.
கோபம்தான்.

நான் ஊசியை
அரைக்கால் சுற்றுத் திறந்தேன்.