மணி வேலை செய்யாது, தட்டவும்

பத்தொன்பது வருசம்
கோட்டையில், ஐந்தாம் மாடியில்,
ஊராருடைய பெட்டிகளுக்குப் பேர் வைத்தேன்.
பிளாஸ்ரிக் பூவுக்கு ஓர் எண்,
அதே பூ துணியென்றால் வேறோர் எண்.
எந்தக் கப்பலையும் கிட்ட நின்று பார்த்ததில்லை.
யன்னலால் தெரிந்தவை
பாரந்தூக்கிகளின் கழுத்துகள் மட்டும்.

பங்குனியில் கேக் வெட்டினார்கள்.
பிரிவை மூடுகிறோம் என்பதை
ஐசிங்கில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

மூலதனம் இது:
அழுத்திப் பிடித்தால் மட்டும் எழுத்து விழுகிற
பழைய மடிக்கணினி.
இரண்டாவது சிம்.
இருநூறு பக்க சீ.ஆர். கொப்பி.
சாப்பாட்டு மேசையில் பாதி;
மற்றப் பாதியில் மகன்
பின்னக் கணக்கோடு மல்லுக்கட்டுகிறான்.

மருதானையில் நூறு கார்ட் அடிக்கக் கொடுத்தேன்.
மூன்று மொழியிலும் தவமலர்,
சிங்களத்தில் ஓர் எழுத்துப் பிழை.
ஜம்பட்டா வீதி, இரண்டாம் மாடி,
மணி வேலை செய்யாது, தட்டவும்.
"தொழில் என்னெண்டு போட?"
பின்னால் மூன்று பேர் நின்றார்கள்.
"பிழை பாக்கிறது" என்றேன்.
அச்சுக்காரர் சிரித்துவிட்டு
ஆலோசகர் என்று போட்டார்.
அந்தச் சொல் புதுச் சப்பாத்துப் போல
இரண்டு கிழமை குதிக்காலைக் கடித்தது.

முதல் மாதம் தட்டியவர்கள்:
கரண்ட் பில் கொண்டுவந்த பெடியன்.
கீழ்வீட்டு ஸ்டெல்லா, மகளின் விசாப் படிவத்தோடு.
மச்சானின் சிநேகிதன் ஒருவன்
ஜப்பான் வாகனத்தைப் பற்றி
"சும்மா ஒரு சின்னக் கேள்வி" கேட்டான்,
ஒன்றே முக்கால் மணித்தியாலம்.
சும்மா என்ற சாமானுக்கு
எந்தப் பட்டியலிலும் எண் இல்லை.
தேடிப் பார்த்துவிட்டேன்.
எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தேன்.
கொப்பியில் எழுதினேன்:
சீனி, ஒன்றரைக் கிலோ.

பிறகு இர்ஷாத் வந்தார்,
கெய்சர் வீதி, சிப்பும் தையல் சாமானும்.
பத்து நாளாய்ப் பெட்டி துறைமுகத்தில்.
நாளுக்கு நாள் வாடகை.
நித்திரை இல்லாத கண்ணோடு
கடதாசிகளை மேசையில் விரித்தார்,
பின்னக் கணக்கின் மேலும் இரண்டு தாள் விழுந்தது.
ஏழு நிமிடம்.
நிறை சரி, கையெழுத்துச் சரி.
சிப்பின் பல்லில்தான் பிழை.
வந்தது உலோகப் பல்லு,
எழுதியிருந்தது நைலோன் எண்.
கடிதத்தை நானே அடித்துக் கொடுத்தேன்,
விடாப்பிடியான விசையோடு சண்டை போட்டபடி.

"எவ்வளவு, தங்கச்சி?"

அங்கேதான் வாய் கட்டிக்கொண்டது.
ஐந்தாம் மாடியில் விலை சொல்ல
கழுத்துப்பட்டி கட்டிய வேறொருவர் இருந்தார்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
எதற்கு எவ்வளவு வரி என்பது,
எனக்கு எவ்வளவு என்பதல்ல.
"பரவாயில்லை" என்ற சொல்
தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.
தலை நிமிர்த்தாமல் மகன் சொன்னான்:
"பத்து நாள் வாடகையில பத்திலொண்டு."
விடைதானா, வீட்டுப்பாடமா தெரியவில்லை.
இர்ஷாத் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"நாளைக்குத் துறைமுகத்துக்குக் கட்டுறதை
உங்களுக்குக் கட்டுறன், அவ்வளவுதானே."

அன்று பாதி தந்தார்.
வியாழக்கிழமை பெட்டி வெளியே வந்தது.
வெள்ளி ஜும்மா முடிந்து மீதியோடு வந்தார்,
கூடவே ஒரு முழம் பித்தளைச் சிப்.
மகனின் புத்தகப் பையில் தைத்தேன்.
திறந்து மூடும்போதெல்லாம்
என் முதல் பற்றுச்சீட்டு பல்லைக் கடிக்கிறது.

நேற்று மச்சானின் சிநேகிதன் மறுபடி எடுத்தான்.
சும்மா ஒரு கேள்வி.
முதல் பத்து நிமிடம் இனாம் என்றேன்,
அதற்குப் பிறகு என்று தொடங்கி
தொகையையும் சொன்னேன், விக்காமல்.
மறுமுனையில் ஓர் ஓட்டோவின் ஹோர்ன்,
பிறகு அதுவும் இல்லை.

மணியை இன்னும் திருத்தவில்லை.
காசு தருகிறவர்கள் இரண்டு தட்டோடு நிற்கிறார்கள்.
ஸ்டெல்லா மட்டும் தட்டுவதே இல்லை,
படிவத்தைக் கதவுக்கடியால் தள்ளிவிடுகிறாள்,
அதற்குள் மடித்த நூறு ரூபாயும்
இரண்டு மீன் கட்லட்டின் எண்ணெய்க் கறையும்.