இரண்டு மீட்டர்

ஊலு நகரப் பேருந்து நிறுத்தத்தில்
ஆளுக்கும் ஆளுக்கும் இரண்டு மீட்டர்.
போன் வந்து கெடுத்ததல்ல;
அதற்கு முன்பே அப்படித்தான்.
என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒன்பது குளிர்காலமாய்
பச்சைக் குல்லாய்க்காரர் பக்கத்தில் நிற்கிறேன்.
பெயர் தெரியாது.
பனியை உதறும் விதம் தெரியும்:
இடது கால், இரண்டு தட்டு.

இன்று மைனஸ் இருபத்தாறு.
குளிரில் என் போன் கையிலேயே செத்தது,
சொல்லாட்டத்தின் நடுவில்.
எதிராளி ஹௌகி58.
எட்டு மாதமாய் இரவெல்லாம் மல்லுக்கு நிற்கும் ஆள்;
எவருக்கும் நினைவில்லாத
மீன்பிடிச் சொற்களாகவே வைப்பார்,
தோற்றால் ஒரு மணி நேரம் பதில் வராது.

"எங்கே தொலைந்தது இந்த ஆள்?"
பச்சைக் குல்லாய் தன் திரையிடம் முனகியது.

எட்டிப் பார்த்தேன்.
கட்டத்தில்
நான் சற்றுமுன் வைத்த சொல்.

பேருந்து வந்தது.
அவர் சன்னலோரம், நான் கதவோரம்,
வழக்கம்போல.
வாய் திறக்கவில்லை, இருவரும்.

இரவு,
சார்ஜரில் செருகி உயிர் வந்ததும்
இருபது புள்ளி தரும் சொல்லை விட்டுவிட்டு
ஆறே புள்ளிக்கு
'குல்லாய்' என்று வைத்தேன்.

ஒரு மணி நேரம் பதில் இல்லை.
தோற்றுக்கூட இருக்கவில்லை அவர்.

மறுநாள் காலை, நிறுத்தத்தில்,
இடது கால், இரண்டு தட்டு.
ஒன்றரை மீட்டர்.