காற்றுக்கும் சேர்த்து

சக்கரத்தைத் திருடிவிடுவார்கள் என்று
சக்கரங்களை மட்டும் கழற்றி
தினமும் மூன்றாம் மாடிக்குத் தூக்கி வந்தேன்.
திருடன் மிச்சத்தைக் கொண்டுபோனான்.

காக்ஸ் டவுன் வீட்டில், செருப்பு அலமாரிக்கு மேலே
ஆணியில் தொங்கின இரண்டும்
வண்டியில்லாமல், நாலு மாதம்.
ஃபேன் காற்றுக்கு முன்சக்கரம் கொஞ்சம் அசையும்.
பின்சக்கரம் பிடிவாதக்காரி.

ஷில்லாங்கில் இபன்ரி என்றொருத்தி வாங்கிக்கொண்டாள்.
அவளுடையதை ஒரு பள்ளம் எட்டாக வளைத்திருந்தது.
பணம் போட்டுவிட்டுக் கேட்டாள்:
மழைக்கு முன் வந்துவிடுமா?
அந்த ஊரில் மழைக்கு முன் என்று ஒரு காலம் உண்டா,
தெரியாது.
வந்துவிடும் என்றேன்.

சி.எம்.எச். ரோடு கூரியரில் ஏசி இருந்தது.
பையன் டேப்பை நீட்டினான்.
எழுபது, எழுபது, இருபத்திரண்டு.
பெருக்கி, ஐயாயிரத்தால் வகுத்து
இருபத்தொன்றரை கிலோ என்றான்.
தராசில் வைத்துப் பாருங்கள், மூன்றைத் தாண்டாது என்றேன்.
தராசு கிடையாது மேடம், அடைக்கிற இடம்தான் கணக்கு.
ஆரங்களுக்கு நடுவில் இருக்கிற ஒன்றுமில்லாததற்கு
பதினெட்டரை கிலோ.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்:
அதை முதலில் சொன்ன ஆள்
கூரியர் ஆபீஸ் வாசலில் நின்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொருவர், ப்ளைட்டில் போகிறது,
டியூபில் காற்றை இறக்குங்கள் என்றார்.
இறக்கினேன்.
காற்று போன பிறகும் ரேட் இறங்கவில்லை.

யஷ்வந்த்பூர் பார்சல் ஆபீஸில்
கோணியில் போட்டுத் தைத்து வரச் சொன்னார்கள்.
தைக்கிறவர் சாப்பிடப் போயிருந்தார்.
கலாசிபாளையத்து லாரிக்காரர்
டைல்ஸ் லோடு போகுது, கூடவே படுக்கப் போட்டுடலாம் என்றார்.
டைல்ஸுக்கு மேலா, கீழா?
சிரித்தார்.
நான் ஆட்டோவில் ஏறிவிட்டேன்.
பெட்டி கால்வாசி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது;
போகிற வருகிற ஸ்கூட்டரெல்லாம்
கன்னடத்திலும் உருதுவிலும் திட்டிற்று.
தமிழில் திட்டியவருக்கு மட்டும் பதில் சொன்னேன்.

சிவாஜிநகரில்
பெயிண்ட் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவே
நுஸ்ரத்தின் கவுண்டர், ஒரு ஆள் அகலம்.
எல்லாரும் சேஃபாப் போகும்னு சொல்லியிருப்பாங்களே, என்றாள்.
சொன்னார்கள்.
பத்துக்கு ஒண்ணு வளைஞ்சிடும்.
ஒம்போது போய்ச் சேரும்.
உன்னுது எதுன்னு எனக்குத் தெரியாது.

அந்தத் 'தெரியாது'வுக்காகத்தான்
பெட்டியைக் கீழே வைத்தேன்.
ரேட்டை அப்புறம்தான் கேட்டேன். குறைவொன்றும் இல்லை.

நான் ஒட்டியிருந்த டேப்பையெல்லாம் கிழித்தாள்.
அச்சு முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து
இது அட்டையைக் குத்திட்டு வெளிய வரும் என்றாள்.
மேசைக்கடியில் குனிந்து
நாலு பிளாஸ்டிக் மூடிகளை எடுத்து, துப்பட்டாவில் துடைத்து
முனைக்கு ஒன்றாக வைத்துக் கட்டினாள்.
பிறகு, வேலை எல்லாம் முடிந்த பிறகு,
பின்சக்கரத்தை ஒருமுறை சுற்றிவிட்டாள்.
சும்மாதான்.
டிக்டிக்டிக்கென்று கடை நிறைந்தது.
எனக்குப் பின்னால் நின்றவர் போனிலிருந்து நிமிர்ந்தார்.
சத்தம் ஓயும்வரை
மூன்று பேரும் ஒன்றும் பேசவில்லை.

குவாஹாத்தியில் நாலு நாள்
'பயணத்தில் உள்ளது' என்றே காட்டியது.
ஓரிடத்தில் படுத்துக்கிடப்பதைப்
பயணம் என்று எழுத யாரோ ஒருவருக்குச் சம்பளம்.
சுவரில் டயர் உரசிய இரண்டு கறுப்பு வளைவுகளை
ஈரத்துணியால் துடைத்தேன்.
ஒன்று போனது.

பன்னிரண்டாம் நாள் இபன்ரியின் செய்தி:
அட்டை முழுக்க நனைந்துவிட்டது,
சக்கரம் நேராகத்தான் சுற்றுகிறது,
இந்த மூடிகள் எதன் உதிரிபாகம்?
மாங்காய் ஊறுகாய் வாசனை அடிக்கிறதே.
திருப்பி அனுப்பட்டுமா?

நாலும் சேர்ந்து இருபது கிராம் இருக்கும்.
கூரியரில் எத்தனை கிலோ
சொல்வார்களோ.