உள்தாழ்ப்பாள்

கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டி
மலையேறலாமா வேண்டாமா என்று
சாலை யோசிக்கிற இடத்தில் ஒரு மேடு.
மேடு என்றுதான் ஊரே நினைத்திருந்தது.
அதன் தலையில் ஆடு மேய்ந்தது,
கள்ளி பூத்தது.
அளக்க வந்த சர்வேயரின் சங்கிலி
ஒரு பொந்தில் நழுவி
நம்ப முடியாத நேரம் கழித்து
ணங் என்றது.

கோப்பில் நான்கே வரி.
ஆண்டு நாற்பத்திரண்டு. சுவர் மூன்றடி.
நோக்கம் என்ற கட்டத்தில் மை கொட்டியிருக்கிறது,
அல்லது கொட்டியிருக்கிறார்கள்.
எந்த விமானத்துக்குப் பயந்து மண்ணுக்குள் போனார்களோ
அது சேலத்துக்கு வழி தெரியாமலே
சண்டையை முடித்துக்கொண்டது.

நான் கேட்டது ஓர் அறை.
தறிக்காரர்களின் காதைச் சோதிக்க
சத்தம் நுழையாத ஓர் அறை.
முதலில் கொடுத்தது ஜெனரேட்டருக்கு அடுத்த அறை.
நான்கு மனு போட்டேன்.
ஐந்தாவதுக்குப் பதிலாக இந்த மேடு வந்தது.

சாவி தரவில்லை, கதவுக்குப் பூட்டே இல்லை.
நாலு விரற்கடை இரும்பு,
உள்பக்கம் மட்டும் ஒரு தாழ்ப்பாள்
உலக்கை கனத்தில்.
"வெளிய நிக்கிற ஒருத்தனையும் நம்பாம கட்டியிருக்காங்க மேடம்,"
என்றார் எலக்ட்ரீஷியன் பாபுஜான்.
அதை அறுத்து வெளிப்பக்கம் வைத்துப் பற்றவைக்க
ஒரு நாள் முழுக்கப் பிடித்தது.

மூன்று லோடு வௌவால் எச்சம் அள்ளினோம்.
பனமரத்துப்பட்டி அரளித் தோட்டக்காரர்
பேரம் பேசாமல் எடுத்துப்போனார்.
துப்பாக்கி நீட்டும் பிளவில் எக்ஸாஸ்ட் ஃபேன்;
சோதனையின்போது அதையும் நிறுத்திவிடுவோம்.
வடக்குச் சுவரில் எவனோ
பென்சிலால் நாள் எண்ணியிருந்தான்.
பதினேழு கோடு.
பதினெட்டாம் நாள் விட்டார்களா, மாற்றினார்களா,
பென்சில்தான் தீர்ந்ததா.
அந்த ஒரு முழத்தை விட்டு சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன்.
ஏன் என்று பாபுஜான் கேட்கவில்லை.

முதல் டோக்கன் அம்மாப்பேட்டை சவுடம்மா.
இருபத்திரண்டு வருடம் விசைத்தறி.
கதவைச் சாத்தியதும் எழுந்துவிட்டாள்,
"கரண்ட் போயிருச்சா?"
தலைக்கு மேல் பல்ப் எரிந்துகொண்டிருந்தது.
அமைதி என்றால் அவளுக்கு
அன்றைய கூலியில் பாதி.
உட்காருங்கம்மா என்று நான் சொன்னதை
என் உதட்டில் படித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும்.
அவ்வளவுதான் சோதனை.
மாதையன் அழுத்திக்கொண்டே இருந்தார்.
நான் ஒன்றும் அனுப்பவில்லை.
ஆடியோமீட்டரில் முள் அசையவில்லை.
அவர் அழுத்துகிறார்,
நிறுத்துகிறார்,
தலை சாய்த்துக் கேட்கிறார்,
அழுத்துகிறார்.
வெள்ளைக்கல் சுரங்கத்தில் முப்பத்தொரு வருடம்
வெடி வைத்தவர்.
மூன்றடிச் சுவர் உலகத்தை வெளியே நிறுத்திவிட்டது;
அவர் அதை உள்ளே கொண்டுவந்திருந்தார்.

ஹெட்போனைக் கழற்றினேன்.
தாளில் சரிகிற கோட்டைக் காட்டினேன்.
மலைப்பாதை மாதிரி இருக்கு என்றார், இறங்குற பக்கம்.
பிறகு, "இத எதுக்குக் கட்டுனாங்க கண்ணு?"
காதருகே போய்க் கத்தினேன்.
குண்டு போட்டா ஒளியறதுக்கு!
மூன்றடிக்குள்ளே என் குரல்
எனக்கே பெரிதாக இருந்தது.

அவர் எழுந்து போய்ச் சுவரைத் தட்டினார்.
இரண்டு இடத்தில் விரல் முட்டியால்,
ஒரு இடத்தில் உள்ளங்கையால்.
கூரை சேருகிற மூலையை
வைத்தியர் நாடி பார்ப்பதுபோல்
கண்ணை மூடித் தொட்டார்.

"மூலைல நாலு குச்சி வெச்சாப் போதும்,
மொத்தமும் உக்காந்துரும்.
யாரோ கான்ட்ராக்ட்டுல தின்னுட்டான்."
சிரித்தார். காவிப் பல்.
"வந்திருந்தா எல்லாம் செத்திருப்பாங்க."

பதினேழு கோட்டின் மேலும் ஒரு கணம்
அவர் கை நின்றது.
அது என்ன என்று கேட்கவில்லை.

மிஷின் எப்ப தருவீங்க என்றார்.
மூணு மாசம் ஆகும் என்று எழுதிக் காட்டினேன்.
கதவை நான் தள்ளியதும்
ஏற்காடு பஸ் கியர் மாற்றுகிற உறுமல்,
ஆட்டு மணி, யாரோ யாரையோ திட்டுவது
எல்லாம் ஒரே சமயத்தில் என் மேல் விழுந்தன.
அவர் பாட்டுக்கு நடந்து போனார்.